மணியோசை முன்னே: வரைகலை அட்டையும் விலை ஆரூடமும்

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் நகரில், என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்தை உயர்வு நவிற்சி அணிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்லலாம். ஆர்டிஎக்ஸ் 5070 என்னும் புதிய வரைகலை அட்டை 549 டாலர் விலையில் ஆர்டிஎக்ஸ் 4090இன் செயல்திறனைத் தரும் என்றார் அவர். 4090 என்பது 2022 அக்டோபரில் 1599 டாலருக்கு வெளிவந்த அட்டை. விளையாட்டுக்கென விற்கப்பட்டவற்றில் அன்று அதைவிட வேகமானது இல்லை. மூன்றில் ஒரு பங்கு பணத்துக்கு அதே ஆற்றல் என்றால் எவர்தான் காத்திருக்க மாட்டார்?

அந்த வாக்கியத்தை ஒட்டியே அவர் இன்னொன்றையும் சொன்னார். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது இயலாது என்பது அதன் கருத்து. பலர் இதைப் பாராட்டுரை என்று எடுத்துக்கொண்டார்கள். நானோ அதை ஒரு வரம்பு என்று படித்தேன். நூற்பாவைத் தனியே படிக்காமல் அடுத்த நூற்பாவோடு கூட்டிப் படிக்க வேண்டும் என்பது உரையாசிரியர்கள் நமக்குக் கற்பித்த பாடம். முதல் வாக்கியத்தின் உண்மைப் பொருள் இரண்டாவதில்தான் இருந்தது.

தமிழ் வாத்தியாருக்கு இந்தச் சந்தையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொற்களைப் படிப்பதுதான் என் தொழில். ஒரு பொருள் கைக்கு வருமுன் அதைப் பற்றி வெறும் சொற்கள் மட்டுமே உலவும் காலம் ஒன்று உண்டு. வரைகலை அட்டைகளின் உலகில் அந்தக் காலம் நீளமானது. சில வேளை ஓராண்டையும் எட்டும். அந்தக் காலத்துச் சொற்களை நம்பி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பணத்தை இறக்குகிறார்கள், அல்லது இறக்காமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். எனவே இது மொழி சார்ந்த சிக்கலும் ஆகும் என்பேன்.

அந்த 5070 வாக்கியத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம். அட்டை ஒரு படத்தை முறையாக வரைகிறது. பின்னர், வரையப்பட்ட படங்களின் போக்கைப் பார்த்து, மேலும் மூன்று படங்களைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையே செருகுகிறது. திரையில் நொடிக்கு 240 படங்கள் ஓடுவதாக எண்காட்டி சொல்லும். அட்டை உண்மையில் வரைந்தவை 60. பழைய 4090 ஒரு வரைந்த படத்துக்கு ஒன்றை மட்டுமே செருகும். ஆகவே மூன்று செருகுவதை ஒன்று செருகுவதோடு ஒப்பிட்டு ‘அதே செயல்திறன்’ என்றார்கள். காட்சி வழுவழுப்பாக ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளையாடுபவரின் கையசைவுக்கு மறுமொழி சொல்வது வரைந்த படங்களே. செருகிய படங்கள் அல்ல. எலியை நகர்த்தும் கைக்கு 60இன் சுணக்கம், கண்ணுக்கு 240இன் ஓட்டம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் இங்கே நடந்த இலக்கணப் பிழை. (பிழை என்று தெரிந்தே செய்ததைப் பிழை என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.)

இதைக் கண்டறிய மார்ச் மாதத்து ஆய்வுரைகள் வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. வெளியிடப்பட்ட விவரப் பட்டியலே போதுமானது. 4090இல் உள்ள கணக்கீட்டுக் கருக்கள் 16,384. 5070இல் 6,144. இரண்டும் ஓடும் வேகம் ஏறத்தாழ ஒன்றே, 2.5 கிகாஹெர்ட்ஸ். முந்தைய தலைமுறையில் 599 டாலருக்கு விற்ற 4070 சூப்பரில்கூட 7,168 கருக்கள் இருந்தன. புதிய ஜிடிடிஆர்7 நினைவகம் தரவை விரைந்து தருவதால், நொடிக்கு 504 ஜிபி என்பது 672 ஜிபி ஆயிற்று. அதனால் கருக்களின் குறைவு ஓரளவு ஈடாகும். ஆக, 5070 என்பது 4070 சூப்பரை ஒட்டி நிற்கும், 4090இன் அருகிலும் போகாது என்று ஜனவரியிலேயே எழுதி உறையிலிட்டு ஒட்டிவைத்திருக்கலாம். மார்ச் 5 அன்று அட்டை கடைக்கு வந்தது. ஆய்வாளர்கள் செருகல் இல்லாமல் அளந்தபோது நடந்ததும் அதுவே.

இதே வடிவிலான வாக்கியம் ஒன்று முன்பும் சொல்லப்பட்டது. அன்று அது மெய்யாயிற்று. 2016 மே மாதத்தில் ஜிடிஎக்ஸ் 1070 அறிவிக்கப்பட்டபோது, 379 டாலர் அட்டை ஒன்று முந்தைய ஆண்டின் 999 டாலர் டைட்டன் எக்ஸை விஞ்சும் என்றார்கள். கருக்களை எண்ணினால் நம்ப முடியாது. டைட்டனில் 3,072, 1070இல் 1,920. ஆனாலும் அளந்து பார்த்தவர்கள் இரண்டும் தோளோடு தோள் நிற்பதைக் கண்டார்கள். காரணம், சில்லு செய்யும் முறை 28 நானோமீட்டரிலிருந்து 16 நானோமீட்டருக்குத் தாவியிருந்தது. டைட்டனின் கருக்கள் 1 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டி ஓடின. 1070இன் கருக்கள் 1.7 கிகாஹெர்ட்ஸை எட்டின. குறைந்த ஆட்கள், விரைந்த கைகள்.

ஆகவே புதிய அட்டை எதுவாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சில்லு செய்யும் முறை மாறியதா என்பதே. 2016இல் மாறியது, பாய்ச்சல் நிகழ்ந்தது. 2018இல் வந்த 12 நானோமீட்டர் என்பது பழைய 16இன் மெருகேற்றிய வடிவம் மட்டுமே; 2080 டிஐ அட்டையின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, விலையோ 699இலிருந்து 999க்கும் 1199க்கும் தாவியது. 2022இல் சாம்சங்கின் 8 நானோமீட்டரை விட்டு டிஎஸ்எம்சியின் 4என் முறைக்குப் போனார்கள். 4090 என்னும் பேரட்டை பிறந்தது. 2025இல்? அதே 4என் குடும்பம். முறை மாறாதபோது வேகம் கூட வேண்டுமானால் சில்லைப் பெரிதாக்க வேண்டும், மின்சாரத்தைக் கூட்ட வேண்டும், இரண்டுக்கும் வாங்குபவரே பணம் கட்ட வேண்டும். 5090ஐப் பாருங்கள். சில்லின் பரப்பு 609 சதுர மில்லிமீட்டரிலிருந்து 750 ஆயிற்று. மின்தேவை 450 வாட்டிலிருந்து 575. விலை 1599இலிருந்து 1999, அதாவது கால் பங்கு உயர்வு. வேகம் கூடியது ஏறத்தாழ 25 முதல் 35 விழுக்காடு. கொடுத்த காசுக்குக் கிடைத்த வேகம் இரண்டரை ஆண்டுகளில் அநேகமாக நகரவே இல்லை.

இனி, கசிவுகள். அக இலக்கியத்தில் அம்பல், அலர் என்று இரண்டு உண்டு. ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். வெளிப்படையாகவே பேசிக்கொள்வது அலர். வரைகலை அட்டைகளுக்கும் இப்படி ஒரு வாழ்க்கை வரலாறு அமைந்திருக்கிறது. வெளியீட்டுக்கு எட்டு, ஒன்பது மாதங்களுக்கு முன் அம்பல். இரண்டு மாதங்களுக்கு முன் அலர். பிறகு வரைவு, அதாவது திருமணம் (சில வேளை திருமணம் நின்றும் போகும், அதற்குப் பின்னர் வருகிறேன்).

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில்லின் உறுப்புகளைப் பற்றிய கசிவுகள் பெரும்பாலும் மெய்யாகின்றன. 5090இல் 21,760 கருக்கள், 32 ஜிபி நினைவகம், 512 பிட் அகலப் பாதை என்று 2024 செப்டம்பரிலேயே கசிந்தது. நான்கு மாதம் கழித்து எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்தது. மின்தேவையை மட்டும் 600 வாட் என்றார்கள், வந்தது 575. இது வியப்பன்று. சில்லின் வடிவம் வெளியீட்டுக்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. அட்டை செய்யும் பல நிறுவனங்களின் கைகளுக்கு அது போயாக வேண்டும். பலர் அறிந்ததை மறைத்தல் அரிது.

விலையின் கதை வேறு. அதை முடிவு செய்பவர் மிகச் சிலர். அதுவும் கடைசி நேரத்தில். 2019 ஜூன் மாதம் ஏஎம்டி தன் ரேடியான் 5700 எக்ஸ்டி அட்டையை 449 டாலர் என்று அறிவித்தது. ஜூலை 2 அன்று என்விடியா தன் ‘சூப்பர்’ வரிசையைக் கொண்டுவந்தது. ஜூலை 5 அன்று ஏஎம்டி தன் விலையை 399 ஆக்கியது. விற்பனை தொடங்கியது ஜூலை 7. மேடையில் அறிவித்த விலையே இரண்டு நாள் முன்னர் மாறுமென்றால், ஆறு மாதம் முன்னர் கசியும் விலைக்கு என்ன மதிப்பு? 2025இலும் இதுவே நடந்தது. ஏஎம்டியின் 9070 அட்டைகள் ஜனவரியிலேயே கடைகளின் கிடங்குகளை அடைந்துவிட்டன. விலை மட்டும் பிப்ரவரி 28 வரை வாய் திறக்கவில்லை. எதிராளி என்ன விலை வைக்கிறான், அவன் பொருள் சந்தையில் கிடைக்கிறதா என்று பார்த்தபின் 599 என்றார்கள். விலையைக் கசியவிடுபவர் பெரும்பாலும் விலையை அறிந்தவர் அல்லர். வாங்குபவரின் முகச்சுளிப்பை அளக்க விரும்புபவர் என்றே நான் ஐயுறுகிறேன்.

பெயரும் ஒரு விலைதான். 2022 செப்டம்பரில் 4080 என்னும் ஒரே பெயரில் இரண்டு அட்டைகளை என்விடியா அறிவித்தது. 16 ஜிபி கொண்டது 1199 டாலர். 12 ஜிபி கொண்டது 899. நினைவகம் மட்டுமே வேறுபாடு என்று பெயர் சொன்னது. உள்ளே இருந்தவையோ இரண்டு வெவ்வேறு சில்லுகள். ஒன்றில் 9,728 கருக்கள், மற்றதில் 7,680. எதிர்ப்புக் கிளம்பியது. அக்டோபர் 14 அன்று, பெயர் குழப்பமாக இருக்கிறது என்று சொல்லிச் சிறியதைத் திரும்பப் பெற்றார்கள். (நின்றுபோன திருமணம் இதுதான்.) அதே அட்டை 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு 799 டாலருக்கு வந்தது. ஒரு கருவும் கூடவில்லை, ஒரு ஜிபியும் குறையவில்லை. பெயரிலிருந்த ஓர் எண்ணின் விலை 100 டாலர். ஆகுபெயருக்கு இவ்வளவு துல்லியமாக விலை குறித்த எடுத்துக்காட்டு வேறு எங்கும் நான் கண்டதில்லை.

நம் நாட்டு விலைக்கு வருவோம். வெளியீட்டு நாளில் எல்லோரும் டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுப் பின்னர் கடையில் வாய்பிளக்கிறார்கள். 50 வரிசைக்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த விலைகள் இவை: 5070க்கு 59,000 ரூபாய், 5070 டிஐக்கு 80,000, 5080க்கு 1,07,000, 5090க்கு 2,14,000. அமெரிக்க விலைகள் 549, 749, 999, 1999. வகுத்துப் பாருங்கள், நான்கிலும் ஒரே விடை, 107. அன்று டாலர் ஏறத்தாழ 86 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை. நம் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தே வரும். 86ஐயும் வரியையும் சேர்த்தால் 101 வருகிறது. மிச்சம் ஆறு ரூபாய் பயணச் செலவு, இறக்குமதியாளர் பங்கு முதலியன. ஆகவே மேடையில் டாலர் விலை சொல்லப்பட்ட அந்த நிமிடமே இந்திய விலையைக் கணித்துவிடலாம். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டிற்று. இதே கணக்கில் பெருக்கும் எண் 112 ஆகிறது. அட்டையின் விலையை ஒரு காசும் உயர்த்தாமலே 5070 டிஐ போன்ற ஒன்று நமக்கு நாலாயிரம் ரூபாய் கூடிவிடும்.

இதுவும் அறிவித்த விலைதான்; விற்கும் விலை அன்று. 2020 செப்டம்பர் 17 அன்று 699 டாலருக்கு வந்த 3080 நிமிடங்களில் தீர்ந்தது. பெருந்தொற்றும் எதீரியம் நாணயச் சுரங்கமும் சேர்ந்துகொள்ள, 2021இல் அது ஏறத்தாழ இரட்டை விலைக்குக் கைமாறியது. எதீரியம் 2022 செப்டம்பரில் சுரங்க முறையையே கைவிட்ட பின்னர்தான் அந்தப் பேய் ஓய்ந்தது. 2025 ஜனவரி 30 அன்று 5090 வந்த நாளிலும் அதே காட்சி. நாணயச் சுரங்கம் இல்லை, செயற்கை நுண்ணறிவுப் பசி இருந்தது. பொருளே இல்லாமல் விலையை மட்டும் அறிவிப்பது என்னைப் பொறுத்தவரை வணிகத் தந்திரம் என்ற எல்லையைக் கடந்த செயல். ‘பரிந்துரைக்கப்படும் விலை’ என்கிறார்கள். பரிந்துரைப்பவர், கேட்பவர், பின்பற்றுபவர் ஆகிய மூவரில் எவரும் கட்டுப்படாத பரிந்துரை அது.

என் கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர், ஓலைச்சுவடி எழுத்துகளைக் கணினிக்கு வாசிக்கக் கற்பிக்கும் முயற்சியில் என்னிடம் எழுத்து வடிவங்கள் பற்றிக் கேட்க வருவார். அதற்கு அட்டை வேண்டும். குடும்பத்தில் திரட்ட முடிந்தது அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். இத்தகைய வேலைக்கு வேகம் இரண்டாம் பட்சம், நினைவகமே முதன்மை. வேகம் குறைந்தால் இரவு முழுதும் ஓடவிடலாம். நினைவகம் போதாவிட்டால் ஓடவே ஓடாது. 2025 கோடையில் அவர் வாங்க இருந்த வேளையில், ‘சூப்பர்’ அட்டைகள் வருகின்றன, 3 ஜிபி நினைவகச் சில்லுகளால் 12 ஜிபி 18 ஆகும், 16 ஜிபி 24 ஆகும் என்ற அலர் எழுந்தது. நண்பர்கள் எல்லோரும் ‘பொறு’ என்றார்கள். பொறுத்தார். 2025 முடிந்தது, அந்த அட்டைகள் வரவில்லை. இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, சாதாரண கணினி நினைவகத்தின் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் கடைகளில் நமக்குப் பழகிப்போன குரூசியல் வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. அந்த அலரில் பொய் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. திட்டம் மெய்யாகவே இருந்திருக்கலாம்; திட்டத்துக்கு வேண்டிய சில்லின் விலை மாறிவிட்டது, அவ்வளவே.

‘எப்போதும் பொறு’ என்னும் அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். பொறுத்தவர் வென்ற காலங்கள் உண்டு. 2008 ஜூனில் 649 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 280, ஏஎம்டியின் 299 டாலர் 4870 வந்த சில வாரங்களில் 499க்கு இறங்கியது. முதல் நாளே வாங்கியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அன்று இரு நிறுவனங்களும் ஒரே வாடிக்கையாளருக்காகச் சண்டையிட்டன. இன்று அந்தச் சில்லுகளையும் அந்த நினைவகத்தையும் பல மடங்கு விலைக்கு வாங்கக் காத்திருக்கும் வேறொரு வாடிக்கையாளர் பக்கத்து அறையில் இருக்கிறார். விளையாடும் பிள்ளைகளுக்காக விலைப்போர் நடத்த எவருக்கும் அவசரம் இல்லை. ஆகவே இனி வரும் தலைமுறையைப் பற்றி என் ஆரூடம்: சில்லு முறை மாறுமாயின் வேகம் கணிசமாக உயரும், விலை இறங்காது, கீழ்நிலை அட்டைகளில் நினைவகத்தை மிகுந்த கஞ்சத்தனத்தோடு அளப்பார்கள்.

கீழ்நிலை அட்டைகளில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 2025 ஏப்ரலில் 5060 டிஐ இரண்டு அளவுகளில் வந்தது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429. ஆய்வாளர்களுக்கு முன்கூட்டி அனுப்பியது 16 ஜிபி அட்டையை மட்டும். அடுத்த மாதம் 299 டாலர் 5060 வந்தபோது, அதை இயக்கும் மென்பொருள் வெளியீட்டு நாள் வரை பெரும்பாலான ஆய்வாளர்களுக்குக் கிட்டவில்லை. விற்பவர் எதைக் காட்டத் தயங்குகிறார் என்பதே அந்தப் பொருளைப் பற்றிய முதல் ஆய்வுரை. மௌனத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். நல்ல அட்டையை எவரும் ஒளித்துவைத்து விற்பதில்லை.

என்னிடம் கேட்டால் நான் சொல்வது சுருக்கமானது. வேலை இன்று இருக்கிறதென்றால், இன்று கடையில் இருக்கும் அட்டையை, இன்றைய விலையில் எடைபோடுங்கள். வராத அட்டையின் விலையோடு அதை ஒப்பிடாதீர்கள். வேலை இல்லையென்றால், புதியது வந்து மூன்று வாரம் ஆகட்டும். முதல் சரக்கு தீர்ந்தபின் இரண்டாம் சரக்கு என்ன விலைக்கு வருகிறதோ அதுதான் விலை.

அந்த மாணவர் இறுதியில் 16 ஜிபி 5060 டிஐ ஒன்றை வாங்கினார். இரவில் அதை ஓடவிட்டுக் காலையில் முடிவுகளை எனக்கு அனுப்புகிறார். சுவடிகளில் புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒரே கோடு. சென்ற வாரம் வந்த பட்டியலில் பொறி தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் அவைதாம். நம் பதிப்பாசிரியர்கள் தடுமாறிய இடங்களும் அவையே என்று சொன்னேன், மிகவும் மகிழ்ந்துபோனார்.